மணியின் நாக்கு

“உறைஞ்சுபோன தடுப்பூசி மருந்து உருகிட்டா, பழையபடி ஆயிடுமா சார்?”

கேட்டவள் கடைசி வரிசையிலிருந்த வசிட்டி. ஃபிஜியின் வெளித்தீவு ஒன்றில் ஒரே நர்ஸ்.

மேடையில் பேசிக்கொண்டிருந்த அபெனிசா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். நாட்டின் தடுப்பூசிக் கிடங்கு அவர் பொறுப்பு.

“எந்தத் தீவு நீங்க? அங்க மருந்து உறைஞ்சிருச்சா?”

அரங்கமே திரும்பியது.

“இல்ல சார். சும்மா தெரிஞ்சுக்கத்தான்.”

உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த மூத்த நர்ஸ் லோசலினியை ஊர்மிளா முறைத்தாள். நர்ஸுகள் மாநாட்டை ஏற்பாடு செய்தவள் ஊர்மிளா. காலையிலிருந்து இரண்டு முறை அந்த அம்மாளை உள்ளே அனுப்பியாயிற்று.

“சிஸ்டர், மாநாடு உள்ளே நடக்குது.”

“காது உள்ளேதான் இருக்கு கண்ணு. கால்தான் வெளியே.”

இடைவேளை மணி அடித்ததும் மரவள்ளிக் கேக்கைச் சுற்றிக் கூட்டம். நடுவில் லோசலினி. அபெனிசாவையும் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். வசிட்டி ஓரமாக நின்று, குடிக்காத தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கைத் தின்னுக்கிட்டே என் பாவத்தைக் கேளுங்க சார். நான் தீவுல இருந்தப்போ பாதிரியாருக்கு விருந்து. இவ்வளவு பெரிய சூரை மீன். எங்க வைக்கிறது? தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டியில வெச்சேன். கெட்டுடக் கூடாதேன்னு குளிரையும் கூட்டிட்டேன். காலையில பார்த்தா மீன் ஜோரா இருக்கு, மருந்து கல்லாயிருக்கு. உருகினதும் அதையே பிள்ளைங்களுக்குப் போட்டுட்டேன்.”

“அடப்பாவி! பாதிரியாருக்கு மருந்தைக் குழம்பு வைக்காம விட்டீங்களே!” என்றார் அபெனிசா.

எல்லோரும் சிரித்தார்கள்.

“உங்க ஊர்க்காரங்க மருந்தைக்கூடத் தேங்காய்ப்பால்லதான் வேக வெப்பீங்க, பேச வந்துட்டார்! அன்னைக்கு யார்கிட்டயும் கேட்கப் பயம். இப்போ கேக்கறேன். என்ன செஞ்சிருக்கணும்?”

“வேறென்ன, புது மருந்து வாங்கித் திரும்பப் போடணும். உறைஞ்சது வேலை செய்யாது. நாளைக்கே கக்குவான் வந்தா அந்தப் பிள்ளைங்களுக்குத் தடுப்பே இல்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த கப்பல்ல அனுப்பியிருப்பேன். உங்களைக் கடிச்சா தின்னுடுவேன்?”

ஊர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடையில் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்த தொமாசியிடம் போனாள்.

“பிள்ளைங்க உசிரு இவங்களுக்குச் சிரிப்பாப் போச்சு. மேலிடத்துல சொல்லத்தான் போறேன்.”

“யாரைப் பத்தி?”

“லோசலினி சிஸ்டரைப் பத்தி. தீவுல மருந்தை உறையவிட்டு, அதையே போட்டாங்களாம்.”

“எங்க சித்தியா? தீவிலயா?” தொமாசி ஒயரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கப்பலைப் பார்த்தாலே வாந்தி எடுக்கும் அது. நர்ஸான நாள்லேருந்து லௌட்டோகா டவுன் ஆஸ்பத்திரியில கண் வார்டுதான். ஒரு பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டதில்லை.”

ஊர்மிளா கைமணியை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள். இடைவேளை முடிந்திருந்தது.

கூட்டம் கலைந்துவிட்டது. லோசலினி தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அபெனிசாவின் பக்கத்தில் வசிட்டி மட்டும்.

“சார்… எங்க ஊர்ல மீன் இல்ல. கல்யாண வீட்டுக்கு ஐஸ் கேட்டாங்க, குளிரைக் கூட்டிட்டேன்…”

அபெனிசா தட்டைக் கீழே வைத்தார்.

“சொல்லும்மா. எத்தனை பிள்ளைங்க?”

ஊர்மிளா மணியின் நாக்கை விரல்களுக்கிடையில் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.