மஞ்சள் தொப்பி

ரோட்டோரம் பைக்கை நிறுத்தியதும் கலியமூர்த்தி முதல் வேலையாக லென்ஸை எடுத்து மாட்டினான். முழங்கை நீளம் இருந்தது அது.

"அந்தக் கோடியில கொக்கு நின்னாலும் அதும் கண்ணுல நான் தெரிவேன்டா."

"கொக்கு பயந்துக்கப் போவுதுண்ணா" என்றான் சேட்டு.

சித்தார்த்தனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே உப்பளத்தைப் பார்த்தான்.

போன வாரம்தான் மூவரும் சென்னையில் கேமரா கண்காட்சிக்குப் போய்வந்தார்கள். கலியமூர்த்திக்குத் திண்டிவனத்தில் பெரிய ஸ்டுடியோ. சேட்டு வானூரில் கல்யாண வீடியோ எடுப்பவன். சித்தார்த்தனுக்கு மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற பெட்டிக்கடை. கண்காட்சியில் புதுசாக வந்த டிஜிட்டல் கேமரா, ஃபிளாஷ், குடை லைட் என்று எல்லாவற்றையும் மூன்று பேரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வாங்கியது கலியமூர்த்தி மட்டும்தான். மற்ற இருவருக்கும் கிடைத்ததெல்லாம், கம்பெனிக்காரன் மூவருக்கும் சும்மா கொடுத்த மஞ்சள் தொப்பிதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கலியமூர்த்தி பேச்சை எடுத்தான். கோட்டக்குப்பத்தில் கடை போடப் போகிறானாம். வெளிநாட்டுக் காசு புழங்குகிற கல்யாணமெல்லாம் அங்கேதானாம். கூட ஒரு பார்ட்னர் வேண்டும்.

"கூலிக்காரன் வீட்டுப் பையன் நமக்கு ஆவாதுப்பா. கேமராவத் தூக்கினு ஓடிடுவான். உங்க வீட்ல இன்னா பண்றாங்க?"

"சொந்தமா உப்பளம் இருக்குதுண்ணா."

சித்தார்த்தனின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பஸ் மரக்காணம் வந்து சேருகிறவரைக்கும் அதை மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"அப்ப புது லென்ஸ அங்கயே வந்து போட்டுப் பாத்துடலாம்" என்றான் கலியமூர்த்தி. இதோ, வந்துவிட்டான்.

இந்தப் பக்கத்துப் பாத்திகளில் இன்னும் உப்பு எடுக்கவில்லை, ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் சித்தார்த்தன் இங்கே கூட்டிவந்தான். மேஸ்திரி என்ன நினைத்தானோ, ஆட்களை இன்றைக்கு இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தான். பாத்திக்கும் உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்கும் நடுவே பொம்பளைகள் கூடை சுமந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்காத தூரம். ஆனால் ஆள் தெரியும்.

கலியமூர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிளிக்கினான். கேமராவின் முதுகில் இருந்த சின்ன ஸ்கிரீனில் படம் வந்தது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பெரிசாக்கினான்.

"டேய், சேட்டு! இங்க பார்றா, நம்ம தொப்பி!"

வரிசையில் ஒருத்தி தலையில் மஞ்சள் தொப்பி. அதன்மேல் சும்மாடு. அதன்மேல் உப்புக் கூடை. கம்பெனி பேர்கூடப் படிக்க முடிந்தது. அதே தொப்பிதான் கலியமூர்த்தி தலையிலும் சேட்டு தலையிலும் இருந்தது.

இருவரும் சித்தார்த்தனின் வெறுந்தலையைப் பார்த்தார்கள்.

"ஏம்பா, தொப்பிய பஸ்ல விட்டுட்டேன்னு சொன்ன?" என்றான் கலியமூர்த்தி. "யாரு இது, உங்க ஆளா?"

"ஆமாண்ணா. நம்மகிட்ட கூலிக்கு வர்ற பொம்பள."

சித்தார்த்தன் வெறுந்தலையைத் தடவிக்கொண்டான்.

கலியமூர்த்தி அவன் தோளில் தட்டினான். "பாத்துக்கடா சேட்டு. கூலிக்கு வர்றவளுக்குத் தன் தொப்பியக் குடுத்துட்டு, அத வெளிய சொல்லிக்கக்கூட மாட்டேங்கறான். இந்த மனசுதான்யா தொழிலுக்கு வேணும்."

அதற்குள் அவள் அம்பாரத்தில் கூடையைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து ரோட்டுப் பக்கம் பார்த்தாள். இரண்டு மஞ்சள் தொப்பி. நடுவில் தொப்பி இல்லாமல் ஒருத்தன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு தொப்பியைக் கழற்றி மடித்து, மேலே போட்டிருந்த ஆம்பளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். வெறுந்தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு பாத்திக்குத் திரும்பி நடந்தாள்.

"ஏன் கழட்டிடுச்சி?"

"போட்டோ எடுக்கறத பாத்துட்டு வெக்கப்படுதுண்ணா" என்றான் சேட்டு.

அடுத்த நடைக்கு அவள் கூடையோடு வந்தபோது கலியமூர்த்தி மறுபடி எடுத்தான். ஸ்கிரீனில் படத்தைப் பெரிசாக்கி சித்தார்த்தனிடம் நீட்டினான். ஈர உப்புக் கூடையிலிருந்து தண்ணீர் நெற்றியில் வழிந்து அவள் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு கையும் கூடையைப் பிடித்திருந்தன. துடைக்க வழியில்லை. கண்ணை இறுக்கி மூடியபடியே வரப்பில் கால் வைத்திருந்தாள்.

"பாத்தியா, ஒவ்வொரு ரெப்ப முடியும் தெரியுது. இன்னா லென்ஸுடா!"

காலையில் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவள் சொன்னது இது: "வெயிலுக்கு இல்லடா. இத்தப் போட்டா உப்புத்தண்ணி கண்ணுல எறங்க மாட்டேங்குது. அடுத்த தபா போனா அம்மாவுக்கு இன்னொண்ணு கேட்டு வாங்கினு வா."

சித்தார்த்தன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். "நல்லா இருக்குதுண்ணா" என்றான்.

கலியமூர்த்தி தன் தலையிலிருந்த தொப்பியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தான்.

"பார்ட்னரு வெயில்ல நிக்கக் கூடாதுப்பா."

உப்பளத்தில் அவள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தொப்பி சித்தார்த்தனுக்கு அளவாக இருந்தது. அவன் அதைக் கழற்றவில்லை.