எதிரி துடைத்த பேனல்

ரெஜினாவின் கொட்டகையில் காயவைத்த பூண்டு இரண்டு முறை களவு போயிருந்தது. இரண்டு முறையும் உறைபனி சோலார் பேனலை மூடியதால், சார்ஜ் ஏறாமல் கொட்டகையின் காவல் கேமரா அணைந்து கிடந்தது. வேலித் தகராறில் பகையாகிப்போன பக்கத்துத் தோட்டத்துப் பெலவேந்திரன்தான் திருடன் என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஒரு காலையில் அவன் அவளுடைய கொட்டகைச் சுவரில் ஏணி சாய்த்து, தலைத்துண்டால் பேனலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யாரக் கேட்டுய்யா ஏறுன?"

"உனக்காகத் தொடைக்கல. இந்தக் கேமரா முழிச்சிருந்தாத்தான் என் மானம் நிக்கும்."

இறங்கியதும் காறித் துப்பிவிட்டுப் போனான். அதன்பின் தினமும் வந்தான். கேமரா அணையவில்லை, பூண்டும் போகவில்லை.

"இப்பவாவது நம்புறியா?"

"கேமராவுக்குப் பயந்து எடுக்காம இருக்க. அவ்வளவுதான்."

அன்றே ஆள் வைத்து, அவன் ஏணி எட்டாத கூரை உச்சிக்குப் பேனலை மாற்றினாள். அடுத்த உறைபனியில் கேமரா அணைந்தது. பூண்டு மூட்டை ஒன்று காணாமல் போனது. வெள்ளைப் புல்லில் காலடித் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவை பெலவேந்திரன் தோட்டத்துக்கு நேர் எதிராக, ரோட்டை நோக்கிப் போயிருந்தன. ரெஜினா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துடைப்பத்தால் அவற்றைக் கலைத்துவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.