எல்லாருக்கும் தெரிந்த ஊசி

பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன மூளை ஆய்வாளர் எஸ்தரை, கணவர் தேவசகாயம் சக்கர நாற்காலியில் மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பேச்சை மீட்கும் ஊசியை எந்த ஆய்வாளருக்குப் போடலாம் என்பதை அவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் அண்மையில் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையே முடிவு செய்தது.

முகப்பில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "அம்மா கட்டுரைய இப்பல்லாம் யாரும் மேற்கோள் காட்டுறதில்ல சார். ஊசி கிடைக்காது."

"அந்த ஊசியக் கண்டுபிடிச்சதே இவதாம்மா."

அந்தப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போய்ப் பேசிவிட்டுத் தலைகுனிந்து வந்தாள். எஸ்தரின் வாயோரம் வழிந்த எச்சிலைத் தன் கைக்குட்டையால் மெல்லத் துடைத்துவிட்டாள்.

"மாட்டேன்னுட்டாங்க சார். வேற ஊருக்குக் கொண்டுபோகவும் நேரமில்ல. பேச்சு நின்ன ஆறு மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் அந்த ஊசி கேக்கும்."

அந்த ஆறு மணி நேரத்தைக் கண்டறியத்தான் எஸ்தர் தன் இளமையைக் கொடுத்திருந்தார்.

"அந்த ஆறு மணி நேரக் கணக்க யாரு கண்டுபிடிச்சாங்கன்னு தெரியுமாம்மா?" என்றார் தேவசகாயம்.

"யாரு கண்டுபிடிக்கணும் சார்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

எஸ்தர் அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. அந்தப் பெண் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தாள்.