எண்பத்திரண்டு

“நகமெல்லாம் இப்படிக் கருத்துப் போயிருக்கே” என்றாள் நர்ஸ் அழகுமீனா. மாரிசெல்வியின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் பார்க்கும் மெஷின் எண்பத்திரண்டு என்று காட்டியது.

பக்கத்தில் நின்ற முனியராஜ் குனிந்து அந்த எண்ணை மறுபடி பார்த்தான். ஆக்சிஜன் தொண்ணூற்றி நாலுக்குக் கீழே போனால் ஆபத்து என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவன் பெண்டாட்டிக்கோ ஏழாவது மாதம்.

நர்ஸ் மெஷினைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. மறுபடி மாரிசெல்வியின் அடுத்த விரலில் மாட்டினாள். எண்பது. பத்து விரலும் பார்த்தாயிற்று, ஒன்றுகூட நல்ல சேதி சொல்லவில்லை.

நர்ஸைக் கூட்டிவந்ததே முனியராஜ்தான். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் லோடு ஏற்றுகிறவன். கொரோனா வந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். தெருமுனையில் வீடு வீடாகச் சோதனை செய்துகொண்டிருந்தவளிடம், தன் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருப்பதாகச் சொல்லிக் கையோடு அழைத்து வந்துவிட்டான். குளிக்கப் போகிறேன் என்று துணியோடு நின்ற மாரிசெல்வியை உட்காரவைத்து விரலை நீட்டச் சொன்னார்கள்.

“இந்த மெஷின் நகத்து வழியாத்தான் பார்க்கும். மருதாணி, பாலிஷ் ஏதும் வச்சியாம்மா?”

“இல்லக்கா.”

“ரெண்டு மூணு நாளா மருந்து ஏதாவது?”

மாரிசெல்வி சட்டென்று புருஷனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அதுவும் இல்லை என்றாள்.

மூச்சு முட்டுகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, வாசனை தெரிகிறதா என்று நர்ஸ் துருவித் துருவிக் கேட்டாள். ஒன்றும் இல்லையாம். அதுதான் நர்ஸை இன்னும் பயமுறுத்தியது. கொரோனா டூட்டிக்கென்று தேனிப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வந்து நாலே நாள்தான் ஆகிறது. ஆனால் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜன் இறங்கிப் போய்ச் சேர்ந்தவர்களை அங்கே பார்த்துவிட்டு வந்தவள். உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். பேசி முடித்ததும் ஆம்புலன்ஸுக்கு அடித்தாள்.

“விருதுநகருக்குத்தான் கொண்டு போகணும். கூட யாரும் ஏறக் கூடாது. தேவைப்பட்டா இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்திருவாங்க. ஏழு மாசம்தானே, பிள்ளையைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாதுண்ணே.”

முனியராஜ் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி சோலையம்மாளைப் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமில் பறிகொடுத்தவன் அவன். காலையில் சோற்றுவாளியோடு போன பிள்ளை, சாயங்காலம் துணிமூட்டையாக வீட்டுக்கு வந்தது. அதனால்தான் மாரிசெல்வி உண்டானதும், வயிற்றுப் பிள்ளை மேல் சத்தியம் வாங்கி அவள் பார்த்துவந்த கம்பெனி வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினான். நெருப்புக்குத் தப்பவைத்தவளை இந்தப் பாழாய்ப்போன கொரோனா கொண்டுபோகப் பார்க்கிறதே என்று அவனுக்கு ஆற்றமாட்டாமல் வந்தது. முகக்கவசம் நனைய நனைய அழுதான்.

மாரிசெல்வி அழவில்லை. கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னமோ சொல்ல வாயெடுப்பாள், புருஷன் முகத்தைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். பயத்தில் பேச்சு அடைத்துவிட்டது என்று நர்ஸ் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சைரன் சத்தம் கேட்டதும் தெருவில் கதவுகள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. வண்டி வாசலில் வந்து நின்றது. உடம்பு முழுக்க வெள்ளை உறை மாட்டிய ஆள் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

பைக்கில் பின்னாலேயே வருவதாகச் சொல்லிக்கொண்டே முனியராஜ் அவளைத் தாங்கிக் கூட்டி வந்தான். அவள் ஒரு காலை வண்டிப் படியில் வைத்தாள். அவன் தலையைத் தடவினான்.

“பிள்ளை போனாலும் போகுது. நீ மட்டும் திரும்பி வந்துரு தாயி.”

சொல்லிவிட்டானே தவிர, சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டு தேம்பினான்.

மாரிசெல்வி படியில் வைத்த காலைக் கீழே எடுத்தாள். நர்ஸ் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினாள். அவள் காதில் வாங்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து, பத்து விரலையும் புருஷன் முன்னால் விரித்தாள்.

“இது சீக்கு இல்ல மாமா... கம்பெனி மருந்து.”