மீன் சந்தையை மிதிக்காத பூதம்

ஆமா, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. டோக்கியோவையே மிதிச்சு நாசம் பண்ண பூதம், மீன் சந்தையை மட்டும் ஏன் விட்டுச்சுன்னு. கஷ்டப்படுற மீனவங்களுக்குப் பூதம் காட்டின மரியாதைன்னு பேப்பர்ல பெரிய பெரிய ஆளுங்க எழுதினாங்க.

நான் அந்தப் பூதத்தோட வாலு. எனக்குத் தெரியாதா?

உள்ளே ரப்பர் தோலுக்குள்ள வெந்துக்கிட்டு நடந்தது இசோகாய் அண்ணன். பின்னாடி கம்பியைப் பிடிச்சு வாலை ஆட்டுறது என் வேலை.

அன்னிக்குப் பாராளுமன்றத்தை மிதிக்கணும். இடுப்பு உயரப் பொம்மைக் கட்டடம். எதிர்ல மீன் சந்தை. நிஜத்துல ரெண்டுக்கும் ரொம்ப தூரம், எங்க பொம்மை ஊர்ல நாலு அடி.

கேமரா ஓடப்போற நேரம் பார்த்து எம்.பி. கடோவாக்கி வந்தார். கூடவே கட்சிச் செயலாளர், நிருபருங்க. செட்டுக்குள்ள யாரா இருந்தாலும் ஷூவைக் கழட்டணும். பொம்மைத் தெருவுல ஷூ தடம் விழுந்தா இன்னொரு பூதம் வந்து போன மாதிரி இருக்கும். எல்லாரும் காலுறையோட நின்னாங்க.

பாராளுமன்றத்தை உடைக்கிறது ஜனநாயகத்துக்கே அவமானம்னு எம்.பி. ஒப்பிச்சார்.

எங்க டைரக்டர் நெகிஷி, டீக்கடையில அரசாங்கத்தைக் கிழிகிழின்னு கிழிக்கிறவர், குனிஞ்சு குனிஞ்சு வணங்கினார்.

"கவலைப்படாதீங்க ஐயா. பூதத்தை அப்படியே மீன் சந்தைப் பக்கம் திருப்பிடறேன். நாறுற இடம், யாரு கேக்கப்போறா?"

பிரமாதம்னார் செயலாளர். எம்.பி. மெல்ல நகர்ந்தார். வால் பக்கமா வந்து, என் பக்கத்துல நின்னுக்கிட்டார்.

எங்களுக்கு வயிறு எரிஞ்சுது. அந்த வருஷம்தான் அமெரிக்காக்காரன் கடல்ல அணுகுண்டு வெடிச்சுப் பார்த்து, சூரை மீன் படகு மேல சாம்பல் கொட்டுச்சு. ஜனங்க மீனைத் தொடவே பயந்தாங்க. இசோகாய் அண்ணன் சம்சாரத்துக்கு அதே சந்தையில கடை. ஈ கூட வரல. குண்டு விஷத்துல பொறந்த பூதம் படத்துல அங்கே காலை வெச்சா, அப்புறம் எவன் மீன் வாங்குவான்? மாட்டேன்னு சொன்னா அண்ணன் வேலையும் போயிடும்.

கடோவாக்கி ஜெயிச்சதே துறைமுகத்து ஓட்டுலதான்.

"மீன்காரன் ஓட்டு மட்டும் நாறல போல"ன்னார் அண்ணன். நல்லவேளை, ரப்பருக்குள்ள பேசினா வெளியே உறுமலாத்தான் கேக்கும்.

கேமரா ஓடுச்சு. பூதம் சந்தைப் பக்கம் ஒரு அடி வெச்சுது. அடுத்த அடி வைக்கல. ஆடுச்சு, பின்னாடி சாஞ்சுது, பாராளுமன்றத்து மேல பொத்துனு உக்காந்துடுச்சு. தியேட்டர்ல எழுந்து நின்னு கை தட்டினாங்களே, அந்த இடம்தான்.

பாராளுமன்றம் தூள். பூதத்துக்குப் பின்பக்கம் கிழிஞ்சு போச்சு. இருந்ததே ஒரு தோல். சந்தைக் காட்சி அதோட காலி.

"குடிச்சிருக்கியா நீ? நாளையிலேருந்து வராதே"ன்னு டைரக்டர் குதிச்சார்.

எம்.பி. தொண்டையைச் செருமினார். "அவரை அனுப்பினீங்கன்னா பேப்பர்ல பெரிசாக்கிடுவாங்க. விபத்து. அவரும் இருக்கட்டும், படத்துல அதுவும் இருக்கட்டும்."

மானத்தைக் காப்பாத்திக்கிறான் பாருன்னு எல்லாரும் முணுமுணுத்தாங்க.

வாலை இழுத்தது நான்தான்னு இசோகாய் அண்ணன் இன்னிக்கும் நம்புறார். சாராயக் கடைக்குப் போனா என் சாக்கேவுக்கும் அவர்தான் காசு கொடுப்பார். நானும் வேண்டாங்கறதில்ல.

ஆனா நான் கம்பியையே அசைக்கல. வால் ஏன் நகர மாட்டேங்குதுன்னு திரும்பிப் பார்த்தேன். நுனி மேல ஒரு காலுறை. ஓட்டை வழியா எட்டிப் பார்த்த கட்டைவிரல் வாலை நல்லா அழுத்திக்கிட்டு இருந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா, எம்.பி., செயலாளரைப் பார்த்து உம்முனு தலையாட்டிக்கிட்டு நிக்கிறார்.

"டேய் வாலு, ஷாட் ரெடி!"

கூப்பிடறாங்க, வரேன்.