ஆயா கொடுத்த ஞானஸ்நானம்

“மாரியாத்தா மேல ஆணைங்க சாமி, நான் சொல்றதுல ஒரு சொல்லும் பொய்யில்லீங்க,” என்றாள் ஆஸ்பத்திரி ஆயா செல்லியம்மாள்.

பங்குச்சாமியார் கட்டிலைப் பார்த்தார். ஆபரேஷன் மயக்கம் தெளிந்த சகாயமேரி, ஞானஸ்நானம் பெறாமலே செத்த பிள்ளைக்கு மோட்சமில்லையே என்று அரற்றிக்கொண்டிருந்தாள்.

“நாந்தான் தலையில தண்ணி ஊத்தி, உங்க சிஸ்டரம்மா சொல்லிக்குடுத்தாப்பல பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு சொன்னனுங்க. மாரியாத்தாளக் கும்புடறவ குடுத்தாச் செல்லுமுங்களா?”

“ஆபத்துக்கு யார் குடுத்தாலும் செல்லும். ஆனா செத்த பிள்ளைக்குக் குடுக்க முடியாது. அப்ப உயிர் இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. தண்ணி பட்டதும் தும்முச்சு. என் வெரலப் புடிச்சுக்கிட்டு, பொக்க வாயில ஆமென்னும் சொல்லுச்சு.”

“அவங்கப்பனாட்டமே வாயாடி,” என்று சகாயமேரி அழுகையினூடே சிரித்தாள்.

சாமியார், துணியில் சுற்றிக் கட்டிலோரம் கிடத்தியிருந்த பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது.