ஊசிக்குப் பயம்

"ஒரு ட்யூப் ரத்தம் அத்தை. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"வேணாம்மா. எனக்கு ஊசின்னா பயம்."

சந்திரகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக் காலை அவள் கணவன் பழனியப்பனுக்கு ஆப்பரேஷன். வயிற்றில் புற்று. பெற்ற தாயோ வார்டு வாசல் பெஞ்சில், கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"வருஷா வருஷம் பத்துமலையில நாக்குல அலகு குத்திக்கிறீங்க. அப்போ வராத பயமா?"

இராஜம்மா முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

டாக்டர் கனகேஸ்வரி இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொல்லியிருந்தார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி குடுக்கிறது மைட்டோகாண்ட்ரியா. புற்று வந்த இடத்துல அதோட ஜீனெல்லாம் தாறுமாறா வேலை செய்யுது. ஏன்னு ஆராய்ச்சி பண்றோம். மைட்டோகாண்ட்ரியா அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அதான் அம்மா ரத்தத்தோட ஒத்துப் பார்க்கணும். கட்டாயம் இல்லைலா."

அந்தக் கடைசி வார்த்தை சந்திரகலா காதில் ஏறவே இல்லை. ஏதாவது ஒன்று விட்டுப்போய், நாளைக்கு அவர் கண் விழிக்காமலே போய்விட்டால்?  விடுவிடுவென்று உள்ளே போனாள்.

"என்னங்க, உங்கம்மா ரத்தம் குடுக்க மாட்டாங்களாம். இதுவும் ஒரு தாயா?"

பழனியப்பன் மெல்லத் திரும்பிப் படுத்தான்.

"விடு கலா. குடுத்தாலும் ஒத்துப்போகாது."

"ஏன்?"

"என்னைப் பெத்தவங்க வேற. ரவாங் ஊர்ல இருந்தவங்க. பிரசவத்துலயே போய்ட்டாங்க. எனக்குப் பதினேழு வயசா இருக்கிறப்போ சித்தப்பா குடிச்சிட்டு உளறிட்டாரு."

சந்திரகலா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு ஊசி பயமில்ல. ரத்தம் காட்டிக் குடுத்துடும், நான் அவங்கள விட்டுப் போயிடுவேன்னு பயம். எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

அவள் வெளியே வந்தாள். இராஜம்மா மிரண்டுபோய் நிமிர்ந்தாள்.

"தம்பி ஏதும் கேட்டானா?"

சந்திரகலா அருகில் உட்கார்ந்து, முந்தானைக்குள் கைவிட்டு அந்தக் கையைத் தேடிப் பிடித்தாள். சில்லிட்டுக் கிடந்தது.

"கேட்டாரு அத்தை. உங்களுக்கு ஊசின்னா ரொம்பப் பயம்னு சொல்லிட்டேன்லா."